என் தலையில் முடி பிடுங்கிய கதிர்க்குருவி

மலைக்காட்டில் இருக்கும் அத்தனை மிருகங்களையும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, ஒரு கதிர்க்குருவி தன் பிள்ளைகளுக்கு மெத்தை போட என் தலைமுடியைத்தான் பிடுங்கிக்கொண்டு போனது. உதிர்ந்து கிடந்ததைப் பொறுக்கவில்லை. என் உச்சந்தலையில் வந்து உட்கார்ந்து, காலை ஊன்றிக்கொண்டு, வேரோடு இழுத்தது. நம்பாதவர்கள் வரிசையில் நிற்கலாம். முதல் ஆளாக என் சகலை நின்றார், அவருக்குப் பின்னால் என் மனைவி, அப்புறம் எங்கள் பறவை பார்க்கும் குழு மொத்தமும்.

என் தலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இந்த வயதிலும் கன்னங்கரேலென்று இருக்கும் முடி. பரம்பரை வாகு. ஒரு நரை கிடையாது. இதை இப்போதைக்கு நம்பி வையுங்கள்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவன். ஆட்களை இருட்டறையில் உட்காரவைத்து, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டே ஆயுளைக் கழித்தேன். ஊரில் பாதிப் பேர் என் புண்ணியத்தில்தான் உலகத்தைப் பார்த்தார்கள். மீதிப் பேர் இன்னும் பார்க்கவே இல்லை என்பது என் கருத்து. கடையை மகளிடம் விட்டுவிட்டுப் பறவை பார்க்கக் கிளம்பினேன். கண் சம்பந்தப்பட்ட விஷயம்தானே, நம்மை மிஞ்ச ஆள் ஏது என்ற நினைப்பு.

அந்த நினைப்பு ரொம்ப நாள் தாங்கவில்லை. ஆந்தை என்று சொல்லி எல்லோரையும் மூச்சு வாங்க மேட்டில் ஏற்றினேன். கிளையில் தொங்கியது யாரோ எறிந்த காலுறை. வானத்தில் அபூர்வக் கழுகு என்று கூவினேன். அந்தக் கழுகுக்கு வால் காகிதத்தில் இருந்தது, நூல் ஒரு மொட்டை மாடிக்குப் போனது.

குழுவின் செயலாளர் என் சகலை, அதாவது என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீடு கேட்டு வருகிறவர்களின் கதையைச் சோதிக்கும் வேலை பார்த்தவர். எரிந்து முடிந்த கடையின் சாம்பலில் நின்றுகொண்டு, "எரிஞ்சதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டவர். குழுவில் அவருக்குப் பெயரே ஆதாரம்தான்.

"சகலை, உறவு வேற, குழு வேற," என்றார் கழுகுக்குப் பிறகு. "இன்னொரு தடவை கதை விட்டீங்கன்னா உங்க பேரை எடுத்துடுவேன். அப்புறம் வீட்டு ஜன்னல்ல உட்கார்ந்து காக்கா பாத்துக்கோங்க."

சிரித்து மழுப்பினேன். வேலையை விட்டவனுக்கு வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் கிழமை; மற்றதெல்லாம் இரண்டு சாப்பாட்டுக்கு இடையே வரும் இடைவெளி. அந்த ஒரு காலையையும் பிடுங்கிவிட்டால் நான் எங்கே போவேன்?

இப்போது கதாநாயகி. எங்கள் மலைக்காட்டில் கதிர்க்குருவி இரண்டு வகை. இரண்டும் கட்டைவிரல் பருமன். இரண்டுக்கும் முதுகு பாசிப்பச்சை, வயிறு வெளிறிய மஞ்சள், கண்ணுக்கு மேலே மஞ்சள் புருவம். இரண்டும் ஒரு இலையில் முழுசாக ஒரு மூச்சு தங்காது; தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டு போவதற்குள் நாம் பார்ப்பது ஆடுகிற இலையைத்தான். வித்தியாசம் உச்சந்தலையில். ஒன்றுக்கு நடு வகிடு எடுத்த மாதிரி வெளிர்க்கோடு உண்டு, மற்றதற்குக் கிடையாது. வகிடில்லாதது மரத்தில் பாசிக்கூட்டைத் தொங்கவிடும். வகிட்டுக்காரியோ மண்சரிவில் பந்துமாதிரி கட்டி, பக்கவாட்டில் வாசல் வைத்து, உள்ளே முடியால் மெத்தை போடுவாள். வகிடில்லாததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வகிட்டுக்காரியின் குரலைக் கேட்டதாகச் சிலர் சொல்வதோடு சரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பனிமூட்டம் விலகாத நேரத்தில், நான் ஒரு புதருக்குள் நுழைந்துகொண்டு ஒரு திருட்டு வேலை செய்தேன். வகிட்டுக்காரியின் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டேன். அந்தக் குரல் கேட்டால், யாரோ தன் இடத்தில் புகுந்துவிட்டதாக நினைத்துப் பறவை சண்டைக்கு வரும். கூடு கட்டும் காலத்தில் அப்படிச் செய்யக் கூடாது என்று குழுவில் விதி உண்டு. விதியை எழுதியவர் ஆதாரம்.

ஒலிக்கவிட்டதும் பதில் வந்தது! சரிவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அச்சு அசலாக. என் இதயம் எகிறி வாயில் வந்து உட்கார்ந்தது. மறுபடி போட்டேன், மறுபடி பதில். நான் தவழ்ந்து முன்னேறினேன், குரலும் நெருங்கி வந்தது. பறவை இவ்வளவு கோபமாக வருகிறதே என்று பூரித்துப்போய், கடைசிப் புதரை இரண்டு கையாலும் விலக்கினேன். எதிரே, முட்டி போட்டு, முகமெல்லாம் சேறாக, கையில் கைபேசியோடு என் சகலை.

"நீங்களா?" என்றார்.

"நீங்களா?" என்றேன்.

கைபேசிகள் இரண்டும் இன்னும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன.

"விதி..." என்று ஆரம்பித்தேன்.

"சகலை, இது நமக்குள்ள இருக்கட்டும்," என்றார், சேற்றைத் துடைத்துக்கொண்டே. செத்தாலும் வெளியே மூச்சு விடுவதில்லை என்று கைகொடுத்துக்கொண்டோம். இதோ, விட்டுவிட்டேன்.

அவர் அவமானத்தைக் கழுவ ஓடைப் பக்கம் போனார். நான் தொப்பியைக் கழற்றிவிட்டு மண்சரிவின் எதிரே, ஒரு வேரில் உட்கார்ந்தேன். அசையக்கூடத் தெம்பில்லை. சேற்று நிறத்தில் ஒரு கட்டையாகக் கிடந்திருப்பேன். அப்போதுதான் தலையில் ஏதோ தைத்தது.

முள் என்று நினைத்தேன். முள் நடக்காது. இது நடந்தது, நின்றது, வெடுக்கு வெடுக்கென்று முடிகளை இழுத்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. கத்தவில்லை, கத்தினால் ஞாயிற்றுக்கிழமைகள் போச்சு. அப்புறம் என் முழங்காலுக்கே இறங்கி வந்து நின்றது. எந்தப் பறவை ஆர்வலனுக்கும் கிடைக்காத பாக்கியம், ஒரு முழ தூரத்தில்!

எனக்கு என்ன தெரிந்தது? பச்சையாக ஒரு மங்கல். ஊரெல்லாம் வெள்ளெழுத்துக் கண்ணாடி விற்றவன், அதைப் போட்டால் வயசு தெரியும் என்று தனக்கு மட்டும் போடவில்லை. மூக்குக்குக் கீழே தேவதையே வந்து நின்றாலும் எனக்குக் கீரைக்கட்டுதான். அது என்னை விட்டுத் தூரம் போகப் போகத்தான் துலங்கியது. எதிரே சரிவில் பாசிக்கு நடுவே ஒரு ஓட்டை. அதன் வாசலில் தலை குனிந்து நின்றது. அலகில் என் முடி. உச்சியில் சுத்தமாக எடுத்த வகிடு. உள்ளே போய்விட்டது.

ஓடையிலிருந்து திரும்பிய சகலையிடம் மூச்சுத் திணறச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் உச்சரித்தது ஒரே சொல்.

"ஆதாரம்?"

கூட்டைத் தொடக் கூடாது, குஞ்சுகள் பறந்து போகட்டும், காலிக் கூட்டை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன், அதுவரை நீங்கள் வர வேண்டாம் என்றார். அத்தனை ஞாயிறும் நான் வீட்டில். என் மனைவி தாங்கவில்லை. "அக்கா, உன் வீட்டுக்காரரைச் சீக்கிரம் முடிவு சொல்லச் சொல்லு. இவர் ஜன்னல்ல உட்கார்ந்து, போற வர்றவங்களுக்கெல்லாம் ஆணா பெண்ணான்னு அடையாளம் சொல்லிட்டிருக்கார்," என்று தொலைபேசியில் அழாக்குறை.

தீர்ப்பு நாளன்று நூலகத்தின் பின்னறையில் எல்லோரும் கூடினோம். மனைவியும் வேடிக்கை பார்க்க வந்தாள். வெள்ளைத் துணியில் கூட்டை வைத்து, சகலை இடுக்கியால் பாசியைப் பிரித்தார். உள்ளே வழவழவென்று முடி மெத்தை.

"கூடு வகிட்டுக்காரியோடதுதான்," என்றார். அறையே கைதட்டியது. அவர் கையை உயர்த்தினார். "ஆனா இவர் சொன்னது, தன் தலையில உட்கார்ந்து பிடுங்கிச்சுன்னு. இந்த முடியைப் பாருங்க, கறுப்பும் வெள்ளையும். அந்தச் சரிவுக்குப் பக்கத்துல நீர்த்தேக்கக் காவல்காரர் வளக்கிற நாய் கறுப்பு வெள்ளை. நம்ம சகலைக்கோ பரம்பரைக் கறுப்பு. அவரே நம்ம எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கார். ஒரு நரை கிடையாது. சரிதானே, சகலை?"

எல்லாக் கண்ணும் என் தலைமேல். தலையைக் காப்பாற்றினால் ஞாயிறு போகும். ஞாயிறு வேண்டுமென்றால் தலை போகும். கடையிலிருந்து கொண்டுவந்த உருப்பெருக்கியை அவர் கையில் கொடுத்தேன்.

"ஒரே ஒரு முடியை எடுத்துப் பாருங்க, சகலை. நுனி கறுப்பு, அடி வெள்ளை. நடுவுல கோடு போட்ட மாதிரி மாறுதா?"

பார்த்தார். "மாறுது."

"எந்த நாய்க்கும் அப்படி வளராது. சாயம் பூசி, அப்புறம் மறுபடி பூசச் சோம்பல்பட்டுக் கொஞ்ச நாள் விட்டவன் தலையிலதான் வளரும்." என் தலையை நானே தொட்டுக் காட்டினேன். "பரம்பரை கிரம்பரை ஒண்ணும் கிடையாது. குளியலறையில கதவைச் சாத்திக்கிட்டு நானே பூசிக்கிறது."

மனைவிதான் முதலில் பேசினாள்.

"அப்பாடா! இனிமேலாவது வெள்ளைத் தலையணை உறை வாங்கலாம்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சகலை மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, என் தலையைப் பிடித்துக் குனியவைத்து, விளக்குக்குக் கீழே வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தார். சந்தையில் மாட்டைப் பார்ப்பதைவிட உன்னிப்பாகப் பார்த்தார். துணியில் கிடந்த முடியை என் முடிக்குப் பக்கத்தில் வைத்தார். எடுத்தார், மறுபடி வைத்தார்.

"இது தெளிவா, அது தெளிவா?" என்று குனிந்தபடியே கேட்டேன்.

அவர் உருப்பெருக்கியை மடித்து என் சட்டைப் பையில் போட்டார்.

"வேரோட இருக்கு. தானா உதிர்ந்தது இல்ல, இழுத்துப் பிடுங்கினது," என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "ஒத்துக்கறேன், சகலை. உங்க தலையில உட்கார்ந்துதான் பிடுங்கியிருக்கு."