வலது, நடை, இடது

...வலது குழல் தோட்டா போயாயிற்று, இனி நடக்க வேண்டியதுதான், துப்பாக்கியை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, காதடைப்பைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, சரளைக் குழியின் அந்தக் கோடியில் நிற்கிற காகிதம் வரைக்கும். காபிப் பிளாஸ்கையும் எடுத்துக்கொண்டால் என்ன, வேண்டாம், போன தடவை அங்கேயே வைத்துவிட்டு வந்து அதற்கு ஒரு தனி நடை... எல்ட்ரெட் நூட்சன் நடந்தார். விஸ்கான்சினின் வடக்கு மூலையில் பாதி ஊரின் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிய கை, இப்போது ஓய்வு, இப்போது ஆப்பிரிக்க எருமைக்குத் தயாராகிறது. எந்த எருமை? ஒட்டுப்பலகை எருமைதான். பெருவிலங்கு வேட்டைக் கழகத்தார் சனிக்கிழமை அதைத் தண்டவாளத்தில் ஏற்றி, புல்வெட்டும் டிராக்டரால் இழுத்து, உறுப்பினர்கள்மேல் பாய விடுவார்கள். தலைவரின் மருமகள் வரைந்தது, கண்ணைப் பார்த்தால் பால்குடி மறக்காத கன்று. கழகத்தில் யாரும் ஆப்பிரிக்காவுக்குப் போனதில்லை, தலைவர் ஒருமுறை ஃப்ளோரிடாவில் ஒட்டகச்சிவிங்கிக்குக் கீரை ஊட்டியிருக்கிறார், அதுவே மற்றவர்களுக்கு ஏக்கம். ஆனாலும் எல்லோரிடமும் தோட்டா செருகும் பட்டி வைத்த காக்கிச் சட்டை உண்டு, பான்கேக் கடையின் பின்னறையில் மாதக்கூட்டத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு வந்து, பக்கத்து மேசைக் குழந்தைகளைப் பயமுறுத்துவார்கள். எனக்கும் உண்டு, ஆமாம், எனக்கும் உண்டு, பித்தான் போட வயிறு விடவில்லை, அது வேறு விஷயம்.

காகிதம். கரும்புள்ளிக்குச் சற்று மேலே ஓட்டை. பென்சிலால் பக்கத்தில் வலது என்று எழுதினார். எழுதாவிட்டால் எது எந்தக் குழலுடையது என்று யாருக்குத் தெரியும், காகிதத்துக்கா? வெண்டல் சிநேகிதமாகக் கூட வந்துகொண்டிருந்தபோது இதெல்லாம் கிடையாது, அவன் தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு, வலது மேலே, இடது ஒரு விரல் தள்ளி, உன் கன்னம் துப்பாக்கிக் கட்டையில ஒட்டல டாக்டரே, என்று கத்திக்கொண்டே இருப்பான். தொலைநோக்கி அவனுடையது. ஒன்று வாங்கியிருக்கலாம், கடையில் கையில் எடுத்துப் பார்த்தும் ஆயிற்று, கண்ணாடி நல்ல கண்ணாடிதான், ஆனால் அதை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் அப்புறம் அவன் வரமாட்டான் என்பது முடிவாகிவிடும் இல்லையா... முட்டாள்தனம், விலை கூடுதல், அதனால்தான் வாங்கவில்லை.

திரும்பி நடை. காலுக்கடியில் சரளை நறநறவென்று, காலை உறைபனி இன்னும் விடவில்லை. வெண்டலோடு பிணக்கெல்லாம் அந்தத் துப்பாக்கியால்தான். இறந்துபோன ஒரு பால்பண்ணைக்காரரின் வீட்டுச் சாமான் விற்பனையில், தையல் மிஷினுக்குப் பின்னால் சாய்ந்துகிடந்தது, நானும் அவனும் ஒரே நேரத்தில் கை வைத்தோம். அமெரிக்கக் கம்பெனிக்காரன் நூறு வருஷத்துக்கு முன் செய்த இரட்டைக்குழல், வாத்துக்கும் காட்டுக்கோழிக்கும் சிதறுகுண்டு அடிக்கிறது, விசைக்கு மேலே இரும்புப் பக்கத்தட்டில் வாத்து செதுக்கியிருந்தான், வாத்து என்றால் பறந்துவிடும் போலிருக்கும். வெண்டல் தீவன மில்லை விற்ற பிறகு இப்படிப்பட்டவற்றைக் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தான். சுடமாட்டான், ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் போடுவான், அவற்றோடு பேசுகிறான் என்று அவன் தங்கச்சியே சொல்லியிருக்கிறாள். பாதிப் பாதி உரிமை, ஆறு மாதம் உன் வீட்டில், ஆறு மாதம் என் வீட்டில் என்று பேச்சு. என் ஆறு மாதத்தில் நான் அதன் குழல்களை ரம்பத்தால் அறுத்தேன்.

அறுத்தால்தான் ஆகும், வேறு வழி கிடையாது. சிதறுகுண்டுக் குழலில் ஒற்றைத் தோட்டா போனால் எங்கே போகும் என்று கடவுளுக்கும் தெரியாது. பின்துண்டை மட்டும் வைத்துக்கொண்டு, அதைக் குடைந்து, முறுக்குவரி போட்ட இரண்டு புதுக் குழல்களைச் செருகி, முன்வாயில் நடுவே ஒரு சின்ன ஆப்பு வைத்து ஈயத்தால் பற்றவைத்தால், தோட்டா ரைஃபிள். பல்லில் வேர் மட்டும் மிஞ்சினால் மேலே தொப்பி மாட்டுகிறோம், அதேதான், வெண்டலிடம் அப்படித்தான் விளக்கினேன். அவன் கராஜ் வாசலில் நின்றபடி அறுபட்ட குழல்களைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான், "அது உசுரோட இருந்த பல்லுடா," என்றான். அவ்வளவுதான், அப்புறம் அவன் வரவே இல்லை. போன இலையுதிர்காலம். அதற்கு முன்னால், மனைவி மார்லீன் என்னை விட்டுவிட்டு அரிசோனா வெயிலோடு குடித்தனம் நடத்தப் போன வருஷம், ஒவ்வொரு வியாழனும் வந்து கராஜில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருப்பான், மார்லீன் பேச்சை எடுத்ததே இல்லை, ஸ்பிரிங்குகளைப் பற்றிப் பேசுவான்... எதற்கு இப்போது அது.

இடது குழலில் தோட்டா. கன்னம் கட்டையில். மூச்சு. இடது போயாயிற்று. மறுபடி நடை, மறுபடி நறநற. ஆப்பை மயிரிழை உள்ளே தள்ளி, வெளியே இழுத்து, ஈயத்தை உருக்கி, இறுக்கி, ஒரு கோடை முழுக்க இப்படியே கழிந்தது, முதலில் இரண்டு குழலும் முறைத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் அடித்தன, பிறகு ஒன்றையொன்று தாண்டிப் போயின, இப்போது, இதோ, இரண்டு ஓட்டையும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, ஒரு சீட்டுக்கட்டுச் சீட்டால் மூடிவிடலாம். சனிக்கிழமை வெண்டலும் வருவான், வருஷா வருஷம் வறுத்த சாசேஜ் அவன் பொறுப்பு. பார்க்கட்டும். பார்த்துவிட்டு என்ன சொல்வான்? ஒன்றும் சொல்லவேண்டாம், பார்த்தால் போதும், வந்து பக்கத்தில் நின்று...

திரும்பி வந்தபோது மேசைக்குப் பின்னால் வெண்டலின் பிக்கப் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வெண்டல் காலி வாளியோடு இறங்கினான்.

"சரளை எடுக்க வந்தேன். வாசல்ல குழி," என்றான், யாரும் கேட்காமலே.

"எடு. என் அப்பன் வீட்டுச் சரளையா."

"ரோட்டுலேருந்து கேட்டுக்கிட்டுத்தான் வந்தேன். டொப்புனு ஒண்ணு. நான் செத்துப் பொழைச்ச பெறகு டொப்புனு இன்னொண்ணு. பேச்சுவார்த்தை இல்லாத ரெண்டு கெழவனுங்க கடுதாசி போட்டுக்கற மாதிரி இருக்கு. நடுவுல என்ன டாக்டரே, வாய் கொப்புளிக்கச் சொல்றியா?"

"போய்ப் பார்த்து எழுதிட்டு வர வேணாமா? எது வலது எது இடதுன்னு எப்படித் தெரியும்?"

"ஒரு தோட்டா மூக்குல நீல மசி தடவினா காகிதத்துல ஒட்டிட்டுப் போவுது. நீதான எனக்குச் சொல்லிக் குடுத்த."

நான்தான். ஆமாம். எப்படி மறந்தேன், மறந்தேனா? வெண்டல் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, துப்பாக்கியைத் தொடாமல் குனிந்து பக்கத்தட்டைப் பார்த்தான்.

"வாத்து இருக்கு."

"வாத்த நான் தொடல."

"அறுத்த குழலு?"

"தக்காளிச் செடிக்குக் கம்பா நட்டுட்டேன்." ஏன் அப்படிச் சொன்னேன், மார்லீன் காலி செய்துவிட்டுப் போன இழுப்பறையில் கம்பளித் துணி சுற்றிக் கிடக்கிறது, எண்ணெய்கூடப் போட்டு வைத்திருக்கிறேன்...

"நல்லா காய்ச்சிருக்கும்," என்றான் வெண்டல். பிறகு, "எருமை உனக்காக நின்னு நின்னு வராது. ரெண்டையும் சேர்த்து அடி, பாப்போம்," என்று சொல்லி, வண்டியின் முன்சீட்டிலிருந்து தொலைநோக்கியை எடுத்து மேசைமேல் நிறுத்தினான். சரளை எடுக்க வருகிறவன் எதற்குத் தொலைநோக்கி கொண்டுவருகிறான் என்று கேட்டிருக்கலாம். கேட்காமல் இரண்டு குழலிலும் தோட்டா போட்டார்.

நின்றபடியே துப்பாக்கியைத் தூக்கினார். வலது. உடனே இடது. அந்தச் சத்தமே வேறு, ஒரு கதவை இரண்டு பேர் ஒன்றாகச் சாத்தியதுபோல. வெண்டல் கண்ணை எடுக்காமலே, "வலது எடத்துல இருக்கு," என்றான். அப்புறம் குரலைத் தணித்து, "இடது நாலு விரல் வெளியடா. எடது பக்கமா."

எப்படி, இரண்டும் ஒட்டித்தானே, கோடை முழுக்க... வலது குழலைத் தொட்டார், சுட்டது. அந்தச் சூட்டில் வலது நீண்டு, கட்டிப் போட்ட இடதையும் ஒரு மயிரிழை வளைத்துவிடும், அடுத்த தோட்டா அந்த வளைவோடு போகும். அதற்காகத்தான் வலது இடது என்று உடனுக்குடன் சுட்டுச் சரிபார்ப்பது, இதைக்கூடக் கழகத்தில் நான்தான் நின்றுகொண்டு பாடம் எடுத்தேன், காக்கிச் சட்டையில், பித்தான் போட்டிருந்த காலத்தில். ஒவ்வொரு வலதுக்கும் பிறகு காகிதம் வரை நடந்து, எழுதி, திரும்பி வந்து, அதற்குள் குழல் ஆறி, ஆறிய குழலுக்கு ஆப்பைச் சரிசெய்து... ஆகவே பழுது துப்பாக்கியில் இல்லை. ஒட்டிக்கொண்டு நின்ற அந்த ஓட்டைகளும் பொய் இல்லை. வலது முடிந்ததும் தன்னந்தனியாகப் போய்விட்டு வருகிற ஒருவனுக்கு இது மிகச் சரியான துப்பாக்கி, உலகத்தில் வேறு யாருக்கும் ஆகாது. எருமைக்கும் ஆகாது, எருமை அவ்வளவு பொறுக்காது.

சனிக்கிழமைக்குள் ஈயத்தை மறுபடி உருக்கலாம். ஒருவர் சுட, ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் தீச்சுடர் காட்ட, ஒருவர் ஆப்பைத் தட்ட. இன்று என்ன கிழமை? வியாழனா? இல்லை, புதன். கூட இருந்து செய்கிறாயா என்று கேட்டால் என்ன, கேட்க என்ன இருக்கிறது, ஒரு வாக்கியம்தானே, வாயைத் திறக்கச் சொல்வதுதானே என் பிழைப்பே...

"ஆறட்டும்," என்றான் வெண்டல். "அடுத்த ஜோடிய ஆறின குழல்லதான் தொடங்கணும், சூட்டு மேல சூடு சேர்ந்தா ஒண்ணும் தெரியாது." போய் இன்ஜினை அணைத்துவிட்டு வந்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். ஸ்பிரிங்கைப் பற்றி எதுவும் பேசவில்லை. எல்ட்ரெட் உள்ளங்கையைக் குழல்மேல் வைத்தபடி நின்றார். சூடு இறங்கிக்கொண்டிருந்தது, கொஞ்சம் மெதுவாக இறங்கக்கூடாதா என்று இருந்தது, இப்போது ஆறிவிட்டால் அடுத்து அந்த ஒரு வாக்கியம்...