ஒரு முறம் தவிட்டுக்கு ஒரு கிட்னி

எரிகிற சூடத்தில் கையடித்துச் சொல்லலாம்: கீழே வருவதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொன்னதில்லை, குறைத்துச் சொன்னது வேண்டுமானால் உண்டு. சந்தேகப்படுகிறவர்கள் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டுக்கொள்ளலாம். பொய் சொல்லத் தெரியாததாலேயே மேலே போகாமல் முப்பது வருஷமாகக் கிராணியாகவே இருக்கிற மனிதர்.

தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் இடத்தில் வேலை பார்க்கும் இருளப்பன், தன் கிட்னி இரண்டில் ஒன்றை அத்தை மகள் யோகேஸ்வரிக்குக் கொடுத்துவிட்டான். அவள் கியா பார்ம் என்ற ஊரில் சாலையோரம் ஸ்ட்ராபெரி விற்பவள். புருஷன், பிள்ளை எல்லாம் உண்டு. ஆனாலும் முறைப்பெண். இருளப்பனுக்கு முதலில் பேசியது அவளைத்தான். ஏதோ ஒரு சீர் விஷயத்தில் பெரியவர்கள் முறைத்துக்கொள்ள, பேச்சு நின்று, ஜெயா வந்து சேர்ந்தாள். வந்து பதினெட்டு வருஷமாகியும் அந்த ‘முதலில்’ என்ற சொல் ஜெயாவின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றிருந்தது.

ஆப்பரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, “இதற்குக் காசு ஏதும் வாங்கினீர்களா?” என்று இருளப்பனை மூன்று தடவை கேட்டார்கள். வாங்கியிருந்தால் கத்தியையே கையில் எடுக்க மாட்டார்களாம். மூன்று தடவையும் அவன் இல்லை என்றான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜெயாவின் காதில் அது மூன்று முடிச்சுப் போட்டதுபோல விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

“ஏங்க, காசு வாங்கியிருந்தா அது யாவாரம். அன்னைக்கே முடிஞ்சு போயிருக்கும். சும்மா தூக்கிக் குடுத்தீங்களே, அதுக்கு என்னா அர்த்தம்?”

“உசுரு போற கேஸு. அதுல விலை பேசச் சொல்றியா?”

“எனக்கு ஒரு வளையல் எடுக்க மூணு கடை ஏறி எறங்கி விலை பேசினீங்கல்லா.”

இருளப்பன் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டான். மலைக் குளிரில் அது நல்ல பதில்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. போன கிட்னி பிறந்த வீட்டை மறக்கவில்லை. இருளப்பன் இங்கே கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டால், மலைக்கு அந்தப் பக்கம் யோகேஸ்வரி கருவாட்டு ஏப்பம் விட்டாள். அவளோ அன்று காலையில் வெறும் ரொட்டி சாப்பிட்டவள். ஒருநாள் அந்தப் பக்கத்துக் கிளினிக் நர்ஸ், மிஸ்ஸி புவனேஸ், ஜெயாவுக்கே போன் அடித்தாள்.

“ஜெயாக்கா, காலையில வீட்ல சண்டையா?”

“ஏன் கேக்கற?”

“இல்ல, இங்க யோகேசுக்கு பிரஷர் ஏறிக் கெடக்கு. கொஞ்சம் விட்டுக் குடுத்துப் போங்கலா.”

சொந்தப் புருஷனோடு போடும் சண்டையில்கூட அவளுக்குப் பங்கு போகிறதே என்று ஜெயாவுக்கு வயிறு எரிந்தது.

அதைவிடக் கொடுமை தூக்கம். இருளப்பன் எப்படிப் படுத்தாலும் நள்ளிரவுக்குள் முகம் கியா பார்ம் பக்கம் திரும்பிவிடும். ஜெயா கட்டிலை மூன்று தடவை மாற்றிப் போட்டாள். கட்டில் மாறியது, முகம் மாறவில்லை. இந்தச் செய்தி வெளியே கசிந்து, பனி மூட்டம் கனத்த நாள்களில் திரிங்காப் காய்கறி லாரிக்காரர்கள் அவனைப் பக்கத்து சீட்டில் தூங்கவைத்து, மூக்கு காட்டும் திசையில் ஓட்டிப் போனார்கள். ஒரு லாரியும் பள்ளத்தில் இறங்கவில்லை. வண்டிக்கு ஒரு கூடை முட்டைக்கோசு கொடுத்தார்கள். அந்தக் கோசைச் சமைக்கும்போதெல்லாம் ஜெயாவின் கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயமே போடாமல்.

ஒருநாள் கோசு நறுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்குத் தன் தம்பி குகனேஸ்வரன் ஞாபகம் வந்தான். ஜெயாவுக்குப் பின், அவனுக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் அவன் பிறந்த பதினாறாம் நாள், அம்மா அவனைப் பக்கத்து வீட்டு பிலோமி அக்காவுக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிட்டாள். விற்ற பிள்ளைமேல் பெற்றவளுக்குப் பாத்தியதை இல்லை. எமன் வந்தாலும் விலாசம் மாறிப்போயிருக்கும். அவன் வளர்ந்ததென்னவோ அம்மா மடியில்தான். ஆனால் அன்று அறுந்தது அறுந்ததுதான் என்று தோட்டத்து லய வீடுகளில் எல்லோருக்கும் தெரியும்.

கிட்னியையும் அப்படி விற்றுவிட்டால்? தவிடு காசில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்த ஐந்து பேரும் தவிட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெயா கம்போங் ராஜாவுக்கு பஸ் ஏறி, கோழித்தீனிக் கடையில் ஒரு கிலோ டெடாக் வாங்கினாள். நம் தவிட்டுக்கு மலாய்க்காரர்கள் வைத்த பேர் அது. திரும்பி வருகிற வழியில் கியா பார்மில் இறங்கினாள். சுற்றுலாக் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்க, யோகேஸ்வரி கடையில் ஸ்ட்ராபெரி அடுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தம் ஊறி, கன்னம் பளபளத்தது. அது யார் வீட்டுப் பளபளப்பு என்று ஜெயாவுக்குத் தெரியும்.

“வாங்கக்கா. மச்சான் வரலையா?”

“மச்சான்லதான் பாதி இங்க இருக்கே. இந்தா, இதப் புடி.”

“என்னாக்கா இது, கோழிக்கா?”

“தவிடு. இத ஒன் கையால எனக்குக் குடு. குடுத்து, ‘இந்தத் தவிட்டுக்கு ஒங்க வீட்டுக் கிட்னிய வாங்கிக்கிட்டேன்’னு சொல்லு. அவ்ளோதான். அப்புறம் அது ஒன்னோடது. எங்களுக்கும் அதுக்கும் ஒட்டுமில்ல ஒறவுமில்ல.”

யோகேஸ்வரி பையைத் தூக்கிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. கடைக்காரி, சரக்கு என்றதும் யோசிப்பவள்.

“வாங்கிக்கறேன். ஆனா ஒன்னு கேக்கறேன். விலைக்கு வாங்கிட்டா என் சாமான்தானே? நான் என்னா வேணாலும் செய்யலாமில்ல?”

“செஞ்சுக்க.”

“அப்ப, எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இத கிளாரிசா டீச்சருக்குன்னு எழுதி வச்சிருவேன். பாவம், வாரம் மூணு நாள் டயாலிசிஸ் போறாங்க.”

கிளாரிசா டீச்சரை ஜெயாவுக்குத் தெரியும். முப்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, முடி இடுப்புக்குக் கீழே. சிரித்தால் ஸ்கூல் வாட்ச்மேன் கேட்டைத் திறக்க மறந்துவிடுவான்.

“அதெப்படிக் குடுப்ப? அது எங்க வீட்டுக்காரரோடது.”

“வித்துட்டீங்களேக்கா. சரக்கு கை மாறிட்டா எந்த வீட்டுக்குப் போகுதுன்னு கேக்க முடியுமா? நான் ஸ்ட்ராபெரி விக்கறேன், யாரு தின்னாங்கன்னு தேடிக்கிட்டா போறேன்?” அவள் ஒரு பழத்தின் காம்பைக் கிள்ளினாள். “சும்மா குடுத்தத அப்படித் தள்ளிவிட முடியாது. யாரு குடுத்தான்னு நெனச்சுக்கிட்டு வச்சிருக்கணும். ஒங்க இஷ்டம். தவிடா, தானமா?”

ஜெயா நின்றாள். பின்னால் ஒரு கார்க்காரன் வழி கேட்டுக் கத்தினான். விற்றால் யோகேஸ்வரி போய்விடுவாள், டீச்சர் வந்துவிடுவாள். டீச்சருக்குப் பின்னால் இன்னும் யார் யாரோ. விற்காவிட்டால் யோகேஸ்வரி ஒருத்திதான். எண்ணிப் பார்த்தால் ஒருத்தி என்பது குறைச்சல்தான். ஆனால் அந்த ஒருத்தி ‘முதலில்’ ஆயிற்றே என்று முள் இன்னொரு தடவை குத்தியது.

கடைசியில் அவள் தவிட்டுப் பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

“தானமாவே இருக்கட்டும். ஆனா ஒன்னு. எங்க வீட்டு உசுரு ஒன் வீட்ல இருக்கு. உப்பு கொறைக்கணும். தண்ணி ரெண்டு லிட்டர். நான் வாரா வாரம் வந்து பாப்பேன்.”

“பாத்துட்டுப் போங்க, யாரு வேணாங்கறா.”

“இப்ப குடி.”

யோகேஸ்வரி பாட்டிலை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். கடை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்ட ஜெயா, அவள் குடித்து முடிக்கும்வரை எழவில்லை.

அன்றுமுதல் ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. மாதச் சோதனைக்கும் ஜெயாதான் கூடப் போகிறாள், டாக்டரிடம் யோகேஸ்வரியை முந்திக்கொண்டு, “நம்ம கிட்னி எப்படி இருக்கு டாக்டர்?” என்று கேட்கிறாள். அவள் செருப்புச் சத்தம் காரிடாரில் கேட்டாலே அந்தக் கிட்னி இரண்டு மடங்கு வேலை செய்கிறது என்று ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறார்களாம். பதினெட்டு வருஷம் அவளோடு வாழ்ந்த உறுப்பல்லவா.

கிராணியிடம் கேட்டால் மட்டும் அவர் வேறு மாதிரிச் சொல்வார்: யோகேஸ்வரிக்குக் கிட்னி கொடுத்தவள் அவளுடைய உடன்பிறந்த தங்கை சாந்தினி. இருளப்பனின் கிட்னி இரண்டும் இன்றுவரை இருளப்பனிடமே இருக்கின்றன.