வட்டக் கண்ணாடிக்கு அந்தப்புறம்

கத்தரிப்பூ நிறப் புடவை கட்டிய ஒருத்தி நீல விளக்கின் கீழே உட்கார்ந்து, தலையைச் சாய்த்து யாரிடமோ சிரித்துக்கொண்டிருக்கிறாள், ஆவி படிந்த வட்டக் கண்ணாடிக்கு அந்தப்புறம், ஒரு நொடி, இரண்டு நொடி, அதற்குள் தட்டேந்திய தோள் ஒன்று கதவை இடித்துக்கொண்டு உள்ளே வருகிறது, கதவு ஆடுகிறது, கண்ணாடி நகர்கிறது, அது ஆடி ஓய்ந்தபின் பார்த்தால் அவள் இல்லை, அங்கே வேறு யாரோ, அல்லது காலி நாற்காலி, அல்லது எதுவுமே இல்லாமல் வெறும் ஆவி. அப்பா, லைன்ல இருக்கியா, எந்த ஓட்டல்னு சொன்னாதானே டேபிள் புக் பண்ண முடியும், என்று எழிலரசியின் குரல் காதுக்குள் கேட்டபோதுதான், வியாசர்பாடியில் தன் வீட்டு வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது சிகாமணிக்கு உறைத்தது, இருக்கேன்மா, யோசிக்கிறேன் என்றார், இதையேதான் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், இதுல யோசிக்க என்ன இருக்கு, மெட்ராஸ்ல நீ போகாத பெரிய ஓட்டல் எது, என்று மகள் கேட்டாள், அவள் கேட்டதும் நியாயம்தான். முப்பத்தைந்து வருஷமாக அவர் பெரிய ஓட்டல்களின் கேஸ் அடுப்புகளுக்கு மெக்கானிக், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பர்னர் அணைந்து சமையல்காரர்கள் கையைப் பிசைந்து நிற்கும்போது அவருக்குத்தான் ஆள் வரும், அவர் போகாத ஓட்டல் இல்லை, ஆனால் போனதெல்லாம் பின்வாசல் வழியாக, முன்பக்கம் எப்படி இருக்கும் என்று கேட்டால் அவருக்கு ஒன்றும் தெரியாது, இதை மகளிடம் எப்படிச் சொல்வது, மகளிடம் சொல்லிவிடலாம், பெண்டாட்டி பூங்காவனத்திடம் எப்படிச் சொல்வது.

பூங்காவனம் மாநகராட்சிப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் முப்பது வருஷம் சோறு பொங்கியவள், வெள்ளிக்கிழமையோடு ஓய்வு பெறுகிறாள், உனக்கு என்னம்மா வேணும், ஒரு மோதிரம் எடுக்கட்டுமா, திருப்பதி போய் வரலாமா என்று மகள் கேட்டதற்கு, ஊரில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டுவைத்தாள், உங்கப்பா ஒரு ஓட்டல் சொல்லுவாரு, நீல வெளக்கு, மீன் தொட்டி, அங்க ஒரு தபா உக்காந்து சாப்பிடணும், அவ்ளோதான். சிகாமணி அப்போது சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார், போட்ட பொத்தானையே திரும்பவும் கழற்றினார். எந்த ஓட்டல் அது, அப்படி ஒன்று இருந்ததா, இருந்ததென்றால் அது எந்த வருஷம், கல்யாணமான இரண்டாவது வருஷம், அது மட்டும் நிச்சயம், ஏனென்றால் ஏழாம் மாசத்தில் முதல் பிள்ளை தங்காமல் போனது அந்த வருஷம்தான், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பூங்காவனம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள் படுத்தவள்தான், நாற்பது நாள் ஒரு வார்த்தை இல்லை, கஞ்சி வைத்தால் குடிப்பாள், வைக்காவிட்டால் இல்லை, அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து அழுது பார்த்தார்கள், திட்டிப் பார்த்தார்கள், அவள் முதுகு அசையவில்லை, சிகாமணி வேலை முடித்துச் சாயங்காலம் வந்து காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் கால்மாட்டில் உட்கார்ந்து என்ன பேசுவதென்று தெரியாமல் அன்றைக்குப் பார்த்த வேலையைச் சொல்லுவார், மூன்றாவது அடுப்பு மஞ்சளாக எரிந்தது, கேஸ் வரும் ஜெட்டில் அடைப்பு, ஊசி விட்டு எடுத்தேன், நீலமாக எரிய ஆரம்பித்துவிட்டது, இதையெல்லாம் எந்தப் பெண்டாட்டியிடம் சொன்னாலும் சுவரைப் பார்த்துத்தான் படுப்பாள். அன்றைக்கு, ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை, கதவில் ஒரு வட்டக் கண்ணாடி இருக்குது பூங்காவனம், அது வழியா பார்த்தேன், ஒரு பொம்பள விளக்குக்குக் கீழ உட்கார்ந்து சிரிச்சிக்கினு இருக்கா, என்றார், சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனார், கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னால் கரகரவென்று ஒரு குரல், நாற்பது நாள் புழங்காத குரல், அவ இன்னா கலர் பொடவ கட்டினு இருந்தா.

அவருக்கு நிறம் நினைவில்லை, பார்த்தது புடவையா சுடிதாரா என்பதே நிச்சயமில்லை, ஆனால் அவள் இவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், கண் திறந்திருந்தது, இந்த நேரத்தில் தெரியாது என்று எந்த மடையன் சொல்லுவான், கத்தரிப்பூக் கலர் என்றார். மறுநாள் சாயங்காலமும் அவள் கேட்டாள், இன்னிக்கு வந்தாளா, வந்தா, இன்னா சாப்பிட்டா, மீன், முள்ளு எடுத்துக் குடுத்தாங்களா, ஆமா ஒருத்தர் நின்னு எடுத்துக் குடுத்தாரு, இப்படி வளர்ந்தது அது, ஒரு ஓட்டலில் பார்த்த நீல விளக்கைக் கொண்டுவந்து மாட்டினார், இன்னொரு ஓட்டலில் யாரோ சொல்லக் கேட்ட மீன் தொட்டியை நடுவில் வைத்தார், பியானோ வாசிக்கும் நரைத்த தாடிக்காரர் எங்கிருந்து வந்தார் என்றே தெரியாது, வந்து உட்கார்ந்துகொண்டார், ஜன்னலுக்கு வெளியே ஒருநாள் கடலைக்கூட வைத்துவிட்டார், அவள் எழுந்து உட்கார்ந்தாள், பிறகு தலை வாரிக்கொண்டாள், பிறகு ஒருநாள் அவர் வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவர் பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது, நிஜம் சொன்னார் என்றும் சொல்ல முடியாது, அத்தனை வருஷம் சொல்லிச் சொல்லி இப்போது கண்ணை மூடினால் நீல விளக்கின் கீழே அவள் உட்கார்ந்திருப்பது அவருக்கே தெரிகிறது, அதுதான் குழப்பம், பார்த்ததால் சொன்னாரா, சொன்னதால் பார்க்கிறாரா. ஒன்றுமட்டும் அவருக்குப் பயமாக இருந்தது, அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து வந்தாள், அப்படி ஒரு இடமே இல்லை என்று அறுபது வயதில் தெரிந்தால் என்ன ஆவாள், மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிவிட மாட்டாளே.

வியாழக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறித் தேடப் போனார், நுங்கம்பாக்கத்தில் ஒரு ஓட்டலுக்கு எதிரே பிளாட்பாரத்தில் நின்று பார்த்தார், கண்ணாடிக் கதவு, பூந்தொட்டி, தலைப்பாகை கட்டிய ஆள், ராயப்பேட்டையில் பார்த்தால் அங்கேயும் கண்ணாடிக் கதவு, பூந்தொட்டி, தலைப்பாகை, முன்பக்கத்தை வைத்து எதையும் அடையாளம் கண்டுபிடிக்க முடியவில்லை, சுற்றிப் பின்பக்கம் போனதும்தான் எல்லாம் பழகிய மனிதர்களைப்போல முகம் காட்டின, இது வெங்காயத் தோல் சந்து, இங்கே கடைசி அடுப்புக்குக் காற்று போதாது, இது எண்ணெய் டின் அடுக்கிய சுவர், இங்கே ஒருமுறை முழங்கை வெந்துபோனது. நீல விளக்கு எங்கே இருந்தது, ராயப்பேட்டையா, அங்கே விளக்கு பச்சை இல்லையோ, மீன் தொட்டி என்று சொன்ன சர்வர் எந்த ஓட்டல்காரர், கடல் தெரிய வேண்டுமென்றால் நுங்கம்பாக்கத்தில் எப்படித் தெரியும், தானே வைத்த கடலைத் தேடிக்கொண்டு வெயிலில் நிற்கும் தன்னை நினைத்து அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணும் கலங்கியது. எழிலரசி மறுபடி போன் செய்தாள், அப்பா, இன்னிக்கு சொல்லலேன்னா எங்கயும் எடம் கெடைக்காது, அவர் அப்போது எந்தச் சந்தில் நின்றாரோ அந்த ஓட்டலின் பேரைச் சொன்னார், இதானாப்பா, நல்லா ஞாபகம் இருக்கா, இதேதாம்மா என்றார், சொன்னபின் தலையை நிமிர்த்திப் பார்த்தார், புகைபோக்கியிலிருந்து லேசான வெள்ளைப் புகை போய்க்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூங்காவனம் உள்ளேயிருந்து வந்து நின்றாள், கூட வேலை செய்த பெண்கள் சேர்ந்து வாங்கிக்கொடுத்த பட்டுப் புடவை, கத்தரிப்பூ நிறம், யாருமா செலக்ட் பண்ணது என்று மகள் கேட்டதற்கு, நாந்தான் இந்தக் கலர் ஓணும்னேன் என்றாள், சிகாமணியின் பக்கம் பார்க்காமலேயே சொன்னாள். ஆட்டோவில் வழி சொல்ல அவர் முன்னால் குனிந்துகொண்டார், லெப்ட் எடு, அந்த டிரான்ஸ்பார்மர் கிட்ட ரைட், அப்படியே உள்ள வுடு, நிறுத்து, என்று சொல்லி இறங்கியபின்தான் தெரிந்தது, வாய் தன் பழக்கத்துக்குப் பின்வாசலுக்கே வழி சொல்லியிருக்கிறது, எதிரே இரும்பு கேட், முட்டைக்கோஸ் மூட்டை இறக்கும் வேன், ஒரு பலகையில் பெயரெழுதும் நோட்டு, காவலாளி பட்டுப் புடவையையும் சிகாமணியையும் மாறி மாறிப் பார்த்து, பெரியவரே, இன்னிக்கு அடுப்பு ரிப்பேர்னு யாரும் சொல்லலியே, பை எங்க, என்று கேட்டார். அப்பா, என்று எழிலரசி பல்லைக் கடித்தாள், சிகாமணிக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது, ஆனால் பூங்காவனம் நகரவில்லை, கேட்டையும் வேனையும் ஈரத் தரையையும் நின்று நிதானமாகப் பார்த்தாள், இங்கதான் பைய தொறந்து காட்டுவியா, என்றாள், ஆமா, இந்த நோட்லதான் பேர் எழுதுவியா, ஆமா, சரி வா, என்று அவளே முன்னால் நடந்தாள், மூவரும் மதிலைச் சுற்றி முன்வாசலுக்கு வந்துசேர ஐந்து நிமிஷம் ஆயிற்று.

உள்ளே விளக்கு மஞ்சளாக இருந்தது. மீன் தொட்டி இல்லை, பியானோ இல்லை, ஜன்னலுக்கு வெளியே கார்கள் நின்றன, மேசைமேல் தாமரைபோல் மடித்துவைத்த துணியைப் பிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சிகாமணி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மகள் பெரிய அட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாய்ப் படித்துச் சொன்னாள், ஒன்றும் காதில் ஏறவில்லை, பூங்காவனம் கூரையைப் பார்க்கிறாள், சுவரைப் பார்க்கிறாள், நாற்காலியை, தரையை, ஒவ்வொன்றாக அவள் பார்க்கப் பார்க்க அவர் கட்டிய ஓட்டலிலிருந்து ஒவ்வொரு கல்லாக விழுகிறது, விளக்க மாத்திட்டாங்க போல, என்று சொல்லிவிடலாம், தொட்டிய எடுத்துட்டாங்க என்றும் சொல்லலாம், முப்பத்துமூன்று வருஷம் சொன்னவருக்கு இன்னும் இரண்டு சொல்ல வராதா, வாய் திறந்தார், வந்தது வேறு. பூங்காவனம், இது அந்த எடம் இல்ல, அப்படி ஒரு எடம் இருக்குதான்னே எனக்குத் தெரியல. எழிலரசி அட்டையை மெல்ல இறக்கினாள், பூங்காவனம் அவரையே பார்த்தாள், அந்தப் பார்வையில் கோபம் இருக்கிறதா என்று தேடினார், சுவர்ப்பக்கம் திரும்பிய அந்த முதுகு இருக்கிறதா என்று தேடினார், அவள் கேட்டது ஒன்றுதான், நீ எங்க நின்னு பாத்த.

அவர் கையை நீட்டினார், கூடத்தின் கோடியில், தூணுக்கு அப்பால், சர்வர்கள் போய்வரும் இரட்டைக் கதவு, அதில் ஆள் முகம் அளவுக்கு வட்டக் கண்ணாடி, எல்லா ஓட்டலிலும் இருப்பது, அங்கிருந்துதான், எந்த ஓட்டலா இருந்தாலும் அங்கிருந்துதான், என்றார். பூங்காவனம் எழுந்தாள், எங்கம்மா போற, பாத்ரூம் அந்தப் பக்கம், என்று மகள் சொன்னதைக் காதில் வாங்காமல் மேசைகளுக்கு நடுவே நடந்தாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், ஒரு சர்வர் ஏதோ கேட்க வந்து வழிவிட்டு ஒதுங்கினார், அவள் நேரே கதவண்டை போய்க் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள், அந்தப்புறத்து வெள்ளை வெளிச்சம் அவள் நெற்றியிலும் கன்னத்திலும் வட்டமாக விழுந்தது, கத்தரிப்பூ நிறப் புடவை, வட்டக் கண்ணாடி, சிகாமணிக்கு ஒரு கணம் தான் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்றே தெரியவில்லை, உள்ளே அடுப்பருகே இருப்பதுபோலவும் இருந்தது, பஞ்சு நாற்காலியில் இருப்பதுபோலவும் இருந்தது, இவள் அன்றைக்கும் இங்கேதான் இருந்தாளா, நான் பார்த்தது இவளைத்தானா, அப்படியானால் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது யார், ஒரு நொடி, இரண்டு நொடி, கதவு ஆடவில்லை, அவள் அங்கேயே நின்றாள். அப்புறம் திரும்பி வந்தாள், புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள், உள்ள பன்னண்டு அடுப்பு எரியுது, என்றாள், எல்லாம் நீலமா, ஒண்ணு மட்டும் மஞ்ச, அதுங்கிட்ட ஒருத்தன் குனிஞ்சினு இருக்கான், ஊசி வுட்டுக் குத்தினு, வேர்வ ஊத்துது, சுத்தி அத்தினி பேரு கத்துறாங்க, அவன் எதையும் கண்டுக்கல, நடுவுல ஒரு தபா மட்டும் நிமுந்து இந்தக் கண்ணாடியப் பாத்தான்.

சிகாமணிக்கு அந்தக் கதவைத் தெரியும், எந்த ஓட்டலாக இருந்தாலும் தெரியும், கதவைத் தாண்டியதும் தட்டு கழுவும் தொட்டியும் அதன் பின்னே ஆள் உயரச் சுவரும்தான் இருக்கும், அடுப்புகள் அதற்கும் அப்பால், அங்கே நின்று பார்த்தால் ஒரு அடுப்புகூடத் தெரியாது. மகள் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தொண்டையைச் செருமினார், குரல் கரகரத்தது, நாற்பது நாள் புழங்காத குரல்போல, அவன் இன்னா கலர் சட்ட போட்டிருந்தான், என்று கேட்டார். பூங்காவனம் யோசிக்கவே இல்லை. காக்கி, என்றாள், மூணாவது பொத்தான் இல்ல.