ஒன்பது இருக்கை, நாலும் நல்லது

1

தோள்பட்டை வலிக்கிறது. இன்று மூன்றாம் மாடிக்குக் கல் ஏற்றினோம். வலது கை காதுக்கு மேல் எழவில்லை. கைபேசியை மடியில் வைத்து, இடது கட்டைவிரலால் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். கதை எழுத உட்காரவில்லை. வேனை விற்க விளம்பரம் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

“விற்பனைக்கு: கொரிய வேன். டீசல். ஒன்பது இருக்கை. இரு பக்கமும் இழுத்துத் திறக்கும் கதவு. பின்வரிசைக்கும் ஏசி. நாலும் நல்லது. குடும்பத்துக்கு ஏற்ற —”

இந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது. எந்தக் குடும்பத்துக்கு?

2

(ஜோர்தானில் எங்கள் ஊரான ருஸைஃபாவைத் தாண்டி இதைப் படிப்பவர்களுக்காக: வண்டியின் அடிச்சட்டமான சேஸியின் நான்கு முனைகளையும் பரிசோதனைக் கடையில் தட்டிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ‘நல்லது’ அல்லது ‘அடி’ என்று சீட்டில் எழுதுவார்கள். ஒரு முனையில் அடி இருந்தாலும் விலை விழுந்துவிடும். வண்டி நன்றாக ஓடுகிறதா என்பதை அதற்குப் பிறகுதான் கேட்பார்கள்.)

கதையாக எழுதினால் தொடக்கம் இப்படி இருக்கலாம்: “நாங்கள் ஏழு பேரும் ஒரே வண்டியில் ஒருநாளும் போனதில்லை.” வேண்டாம், அழவைக்கப் பார்க்கிறது. இன்னொன்று: “டாக்ஸியில் நான்கு பேருக்குத்தான் இடம்.” இது பரவாயில்லை. கல்யாணத்துக்குப் போனால் பாதிக் குடும்பம் சோறு சாப்பிட்டு முடிக்கும்போது மீதிப் பாதி வந்து இறங்கும். வாப்பா ஒரு டாக்ஸி, உம்மா ஒரு டாக்ஸி. பிள்ளைகள் ஐந்து பேரையும் பிரித்துக்கொள்வார்கள்.

3

முதலில் பார்த்த வேன் இதுவல்ல. அது சாம்பல் நிறம். பரிசோதனைக் கடை எங்கள் தெருமுனையில் இருந்ததால் எல்லோரும் நடந்தே போயிருந்தோம். கடைக்காரன் ஷாஹிர் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டே, மூத்த மகன் பெயரைச் சேர்த்து வாப்பாவை அழைத்தான்.

“அபூ வஸ்ஃபி, இன்ஜின் தங்கம். கியர் வெண்ணெய் மாதிரி விழுது. பின்னாடி இடது முனையில மட்டும் ஒரு அடி. பழசு. ஓட்டறதுக்கு ஒண்ணும் பண்ணாது.”

“அப்ப நாலும் நல்லது இல்ல.”

“மூணு நல்லது.”

“மூணு நல்லத நாளைக்கு எவன் வாங்குவான்?”

“நீங்க இன்னும் வாங்கவே இல்ல, அதுக்குள்ள விக்கக் கெளம்பிட்டீங்களே!”

நாங்கள் ஐந்து பேரும் ஏற்கனவே உள்ளே ஏறிவிட்டோம். உம்மா நடுவரிசையில் உட்கார்ந்து முந்தானையைத் தளர்த்தி —

(முந்தானை எங்கிருந்து வந்தது? உம்மா போடுவது நீள அங்கி. இப்படித்தான் கதை ஆளை மாற்றிவிடுகிறது.)

உம்மா தலைத்துணியைத் தளர்த்திக்கொண்டு சொன்னாள்: “வஸ்ஃபி வாப்பா, சும்மா ஏறி உக்காருங்க. இங்க காத்து எப்படி வருதுன்னு பாருங்க.”

“வாங்காத வண்டியில உக்காந்து என்ன ஆகப்போவுது? எறங்குங்க எல்லாரும்.”

என் அண்ணன் வஸ்ஃபி சிரித்தான். “உங்களுக்கு வேணுங்கறது வண்டியா வாப்பா, ஷாஹிர் எழுதற சீட்டா?”

“உன் வாய் ஒண்ணுதான்டா நாலும் நல்லது. எறங்கு.”

இறங்கினோம்.

4

வாப்பாவை நான் சரியாக எழுதுகிறேனா என்று தெரியவில்லை. முதல் தடவை எழுதியபோது பிடிவாதக்காரராக வந்தார். அதை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். ஏழையாக வந்தார். பாஸ்பேட் சுரங்கத்தில் வெள்ளைத் தூசியைத் தின்று சம்பாதித்தவர் அவர். கஷ்டம் வந்தால் விற்பதற்கு என்று அவர் கையில் இருக்கப்போவது அந்த ஒரு பொருள்தான். வாங்கும்போதே விற்கும் நாளை நினைப்பவர்கள் நாங்கள். அவர் போட்ட கணக்கில் தப்பில்லை. அதனால்தான் அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

5

நாலும் நல்லதாக ஒன்றைத் தேடுவதில் குளிர்காலம் போனது. அதற்குள் வஸ்ஃபி சவூதியின் தபூக்கில் வேலை கிடைத்துப் போய்விட்டான். கோடை வெயில் ஏறியபோது, நாலும் நல்லதாக, இந்த வெள்ளை வேன் வந்தது. அவன் விடுமுறையில் வந்தபோது தங்கை ருவைதாவைக் கல்யாணம் செய்துகொடுத்து குவைத்துக்கு அனுப்பியிருந்தோம். அவன் வரும்போது இவள் இருக்கமாட்டாள், இவள் வரும்போது அவன். இருவரும் ஒன்றாக வந்தது வாப்பாவின் ஜனாஸா அடக்கத்துக்குத்தான்.

விளம்பரத்துக்குத் தேவையான உண்மையையும் சொல்லிவிடுகிறேன். வேன் டீசலை அதிகம் குடிக்காது. பின்வரிசை ஏசி நன்றாகக் குளிரும். அங்கே காய்கறிக் கூடைதான் உட்கார்ந்திருந்தது. ஆள் நிறைந்தால் ஸல்த் ஊருக்குப் போகும் மலையேற்றத்தில் எப்படி இழுக்கும் என்று எனக்குத் தெரியாது.

6

முடிவு ஒன்று: சாம்பல் வேனில் வாப்பா ஏறி உட்கார்கிறார். காற்று முகத்தில் அடிக்கிறது. “சரி, வாங்கிடுவோம்” என்கி —

அவர் அப்படிச் சொல்லமாட்டார்.

முடிவு இரண்டு: உம்மா வேனை விற்க விடமாட்டேன் என்கிறாள். இதுவும் பொய். “நின்ன எடத்துலயே துருப்பிடிக்குது, வித்துத் தொலை” என்று நச்சரிப்பவளே அவள்தான்.

நாளை அபூ ஸுஹைப் என்பவர் வேனைப் பார்க்க வருகிறார், ஆறு பிள்ளைக்காரர். கைபேசியில் அவர் கேட்டது ஒன்றுதான்: “நாலும் நல்லதுதானே?”

வேறு முடிவு கிடைக்காமல், எழுதியவரை உம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

“தப்பா எழுதியிருக்க” என்றாள். “அன்னிக்கு உங்க வாப்பா ஒரு கால உள்ள வச்சாரு. சின்னவளோட செருப்பு சீட்டுக்கடியில போயிடுச்சு, அத எடுக்க.”

“அதனால என்ன உம்மா?”

“நான் நேர்ந்திருந்தேன்டா. ஏழு பேரும் ஒரே வண்டியில ஏறுனா ஒரு கிடா அறுத்துத் தெருவுக்கே பங்கு குடுக்கறேன்னு.”

“ஒரு கால்தானே வச்சாரு. இமாமக் கேட்டா நேர்ச்ச கடமையாகலன்னுதான் சொல்லுவாரு.”

“இமாமா அங்க நின்னாரு? நாந்தான் பாத்தேன்.”

மூன்றாம் பகுதியை நான் திருத்தவில்லை. வாப்பாவின் அந்த இன்னொரு காலை நீங்கள் உள்ளே எடுத்து வைக்கலாம், வெளியிலேயே விட்டுவிடலாம். எனக்கு எழுத வரவில்லை. வேன் விற்றாலும் விற்காவிட்டாலும் உம்மா கொடுக்கவேண்டியது ஒரு கிடா. இன்னும் கொடுக்கவில்லை.