மூன்றாவது காயில்

வயர்மேனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. அக்கா வீட்டு வாட்டர் ஹீட்டருக்கு அவன் மாட்டியிருப்பது மூன்றாவது காயில். ஆனாலும் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. சுவிட்ச் போர்டில் மீட்டரை வைத்தால் 230 வோல்ட், ஹீட்டர் இழுக்கும் கரண்ட் 8 ஆம்பியர். வகுத்தால் ஏறக்குறைய 29 ஓம். காயில் டப்பாவிலோ 23 என்று போட்டிருந்தது.

"இந்தக் கடைக்காரனும் டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டான்!"

"மூணு கடைக்காரனுமா?" என்றாள் அக்கா. "ஹீட்டர் இங்க இருக்கு, நீ என்னடா அங்க போய்ப் பாக்கற?"

"நீ வேற! அங்க இருக்கறதுதானே இங்கயும் வரும்?"

அவள் வாயை அடைக்கவே, ஹீட்டர் ஓடும்போது அதன் முனையில் மீட்டரை வைத்தான். 184. எட்டால் வகுத்தான். அச்சுப் பிசகாமல் 23 ஓம். பாவம், காயில் மேல் குற்றமே இல்லை. வழியில் காணாமல் போன 46 வோல்ட்டை எட்டால் பெருக்கினான். 368 வாட். இவ்வளவும் எங்கே போய்த் தொலைகிறது?

போர்டிலிருந்து வந்த மெல்லிய வயரைக் கண்ணாலேயே தொடர்ந்தான். அதில் வரிசையாகக் காலுறைகள் தொங்கின.

"பசங்க சாக்ஸ்டா. அதுல போட்டா அரை மணியில காஞ்சிடும்," என்றாள் அக்கா. "இதுவே போதும்க்கான்னு போன வருஷம் நீ இழுத்துக் குடுத்த வயர்தானே!"