ஒற்றைக் கட்டுமரம்

நடுப் பாய்மரத்தின் பாதி உயரத்தில் ஒரு பலகைத் தட்டு இருந்தது. நான்கு பேர் நெருக்கி உட்காரலாம். சண்டை வந்தால் அங்கிருந்து எதிரிக் கப்பலின் மேல்தளத்தைச் சுட வேண்டும். அதற்காகத்தான் கடலூர்க் கோட்டையிலிருந்து தமிழ்ச் சிப்பாய்களைப் பிரெஞ்சுக் கப்பல்களில் ஏற்றியிருந்தார்கள். கப்பலில் ஆள் போதவில்லை.

1783, ஆனி மாதம். கடலூருக்குத் தெற்கே இங்கிலீஷ் பட்டாளம் கூடாரம் போட்டிருந்தது. இன்னும் தெற்கே, பரங்கிப்பேட்டையையும் தாண்டி, இங்கிலீஷ் கப்பல்கள் நின்றன. இரண்டுக்கும் நடுவில் கடிதங்கள் போய்வந்தன. கட்டுமரக்காரர்கள் கடிதத்தை மெழுகுத்துணியில் சுற்றி, ஓலைத் தொப்பிக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு போவார்கள். அவர்களைப் பிடிப்பதுதான் இப்போது இந்தக் கப்பலுக்கு வேலை.

சுப்புராயன் தட்டில் உட்கார்ந்து கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேற்கே சிதம்பரத்தின் நான்கு கோபுரங்கள் தெரிந்தன. அவற்றுக்கு நேர் கிழக்கே, மணல்மேட்டுக்குப் பின்னால் அவன் குப்பம். போரில் வலைகள் எரிந்த பிறகு அவன் புதுச்சேரி போய்ச் சிப்பாயாகச் சேர்ந்தான். மனைவி மங்கலம் குப்பத்தில் தாய் வீட்டில் இருந்தாள். அவளுக்கு நிறைமாதம். கப்பலேறப் போவதாக மட்டும் கடலூரிலிருந்து ஆள்மூலம் சொல்லியனுப்பியிருந்தான்.

"அப்படியே பாத்துக்கினு இருந்தா கரை கிட்ட வந்துருமா?" என்றான் சிற்றம்பலம். புவனகிரிக்காரன், விவசாயி. கப்பலேறிய நாளிலிருந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

"ஒரு நாள் விட்டா போதும். பாத்துட்டு வந்துருவேன்."

"என்னைப் பாரு. இந்நேரம் ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரத்துல தேர் இழுக்க வேண்டியவன். இங்க வந்து கயிறு இழுக்கறேன். தேராவது நிலைக்கு வந்து நிக்கும். இது எங்கடா நிக்குது?"

அன்று காலை ஹவில்தார் மதார் சாயபு எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்லியிருந்தார். "கடுதாசி கொண்டுபோற கட்டுமரத்தை எவன் நிறுத்துறானோ அவனுக்கு ஒரு நாள் ரஜா. கரைக்குப் போகலாம். தொரை வாக்குக் குடுத்திருக்காரு."

சுப்புராயன் அதற்குப் பிறகு சாப்பிடக்கூட இறங்கவில்லை. அவல் முடிச்சை மேலேயே கொண்டுவந்துவிட்டான்.

சிக்கல் என்னவென்றால், கட்டுமரங்கள் நிறைய. தினமும் முப்பது நாற்பது இறங்கும். சில கப்பலுக்கே வந்து மீன் விற்கும். எல்லாவற்றையும் சுட முடியாது. சுட்டால் கப்பலுக்கு மீனும் கிடைக்காது, கரையில் தண்ணீரும் கிடைக்காது.

ஆனால் அன்று கடல் காலியாக இருந்தது.

முதலில் கவனித்தவன் சுப்புராயன்தான். காற்று நன்றாக இருந்தது. அலை அடங்கியிருந்தது. ஆனாலும் அவன் குப்பத்துக்கு எதிரே ஒரு கட்டுமரம்கூட இறங்கவில்லை. மணலில் எல்லாம் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன.

"சாவு விழுந்திருக்குது," என்றான்.

"யாரு சொன்னா?"

"குப்பத்துல யாராவது செத்தா, பொணத்த எடுக்கற வரைக்கும் எவனும் கடலுக்குப் போகமாட்டான். பட்டினி கிடந்தாலும் போகமாட்டான்."

"யாரா இருக்கும்?"

சுப்புராயன் யோசித்தான். "சடையக் கெழவனா இருக்கும். பொங்கலுக்கே இழுத்துக்கினு இருந்தாரு."

சாயங்காலம் அந்த ஒற்றைக் கட்டுமரம் வந்தது. முதலில் வடக்கே நின்ற இன்னொரு பிரெஞ்சுக் கப்பலை நெருங்கியது. கொஞ்ச நேரம் நின்றது. திரும்பி அடுத்த கப்பலுக்குப் போனது. அங்கிருந்தும் திரும்பி இவர்களை நோக்கி வந்தது. ஒரே ஆள். தலையில் ஓலைத் தொப்பி. கடல்காற்று கரையைப் பார்த்து வீசியது. அதை எதிர்த்து அவன் மூச்சைப் பிடித்துத் துடுப்புப் போட்டான்.

சுப்புராயன் கீழே பார்த்துக் கத்தினான். "சாயபு! அது மீன்காரன் இல்ல!"

மதார் சாயபு அண்ணாந்து பார்த்தார். "எப்படிச் சொல்ற?"

"சாவு அன்னிக்கு மீன்காரன் வரமாட்டான். வலையும் இல்ல, கூடையும் இல்ல. கப்பல் கப்பலா எண்ணிக்கினு வர்றான். கடுதாசிக்காரன்தான்."

சாயபு லெப்டினண்டிடம் ஓடினார். அவர் தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தார். கட்டுமரத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கண் கூசியது. ஒரு கறுப்பு உருவம், தொப்பி, துடுப்பு. அவ்வளவுதான் தெரிந்தது. அவர் ஏதோ சொன்னார்.

"கெட்டிக்காரன்டா நீ!" என்று சாயபு மேலே கத்தினார். "தப்பிச்சுப் போக விடாதே!"

சிற்றம்பலம் தோட்டாவின் காகித நுனியைப் பல்லால் கிழித்துக் கொடுத்தான். "போடா, நாளைக்குப் பொண்டாட்டி கையால கஞ்சி குடி. எனக்கும் கருவாடு எடுத்தா."

குண்டு எட்டும் தூரத்துக்கு வந்ததும் அந்த ஆள் எழுந்து நின்றான். துடுப்பைத் தலைக்கு மேலே நட்டுக்குத்தலாகத் தூக்கிப் பிடித்தான். தெற்கே இங்கிலீஷ் கப்பல்களின் பாய்கள் வெள்ளையாகத் தெரிந்தன. அவர்களுக்கு அடையாளம் காட்டுகிறான் என்று சுப்புராயன் நினைத்தான். அந்த ஆள் எதையோ கத்தியிருக்க வேண்டும். காற்று அதைக் கரைக்கே திருப்பிக் கொண்டுபோனது.

சுப்புராயன் சுட்டான். புகை கலைந்தபோது துடுப்பு தண்ணீரில் மிதந்தது. ஆள் கட்டைகள்மேல் கிடந்தான்.

கப்பலின் படகை இறக்கினார்கள். தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று சுப்புராயனையும் ஏற்றினார்கள். அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு என்ன கொண்டுபோகலாம் என்று யோசித்துக்கொண்டே போனான்.

கட்டுமரத்தைப் பிடித்து இழுத்த பிரெஞ்சு மாலுமி முதல் காரியமாகத் தொப்பியைப் பிடுங்கினான். கத்தியால் கிழித்தான். உள்ளே கொஞ்சம் புகையிலை இருந்தது. வேறொன்றும் இல்லை.

தொப்பி போன பிறகுதான் சுப்புராயன் முகத்தைப் பார்த்தான். மங்கலத்தின் அண்ணன் பழனிவேல்.

"மச்சான்," என்றான் பழனிவேல். வயிற்றைப் பிடித்திருந்தான். "இந்தக் கப்பல்தானா? அந்த ரெண்டுலயும் கேட்டேன். உன் பேரே தெரியாதுன்னுட்டானுங்க. இங்கயும் துடுப்பத் தூக்கிக் காட்டி உன் பேரத்தான் கூப்பிட்டேன்."

"பழனி, ஏன்டா வந்தே? இன்னிக்குச் சாவாச்சே, ஏன்டா வந்தே?"

"அதுக்குத்தான் வந்தேன்."

சுப்புராயனுக்குப் புரியவில்லை. அல்லது புரிந்துகொள்ள அவன் விரும்பவில்லை.

"காலையில," என்றான் பழனிவேல். "பொண்ணு பொறந்துச்சு. அது இருக்குது. தங்கச்சி இல்ல. நீ வந்துதான் எடுக்கணும்னு எல்லாரும் காத்துக்கினு இருக்காங்க. சாவு அன்னிக்கு எறங்கக் கூடாதுன்னாங்க. நான்தான் எறங்கினேன்."

மாலுமிகள் துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.

"யாரு மச்சான் சுட்டது? நீ மேல இருந்தியா?"

சுப்புராயன் துணியைச் சுருட்டி அவன் வயிற்றில் வைத்து அழுத்தினான். பழனிவேல் அவனையே பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

"வெள்ளக்காரன் சுட்டான்னு சொல்லு," என்றான். "அம்மாகிட்ட அப்படியே சொல்லு."

லெப்டினண்டு ரஜா தர மறுத்தார். கடிதம் இல்லையே என்றார். மதார் சாயபு தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். நிறுத்தினால் ரஜா என்றுதான் சொன்னீர்கள், நிறுத்திவிட்டான். லெப்டினண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கையசைத்தார்.

"சட்டையக் கழட்டிட்டுப் போடா," என்றார் சாயபு. "அதோட போகாதே."

சிற்றம்பலம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். தன் அவல் முடிச்சைக் கட்டுமரத்தில் போட்டான்.

காற்று கரையைப் பார்த்தே அடித்தது. துடுப்புப் போடுவது சுலபமாக இருந்தது. பழனிவேல் தண்ணீர் கேட்டான். சுப்புராயன் கையில் ஊற்றிக் கொடுத்தான். கோபுரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. அலை உடையும் இடத்துக்கு வந்தபோது, "பழனி, கெட்டியாப் புடிச்சுக்கோ," என்றான். பழனிவேல் பிடிக்கவில்லை.

குப்பத்து ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கட்டுமரத்தைப் பிடித்தார்கள். இரண்டு பேர் வருவதைப் பார்த்து முதலில் கையைத் தூக்கினார்கள். பிறகு கையை இறக்கிவிட்டார்கள்.

மாமியார் பூவம்மாள் மணலில் நின்றாள். மகனைத் தூக்கி வந்து அவள் காலடியில் கிடத்தினார்கள். அவள் அழவில்லை. காலையிலிருந்து அழுது முடித்திருந்தாள். உட்கார்ந்து, குண்டு பட்ட இடத்தில் கை வைத்துப் பார்த்தாள்.

"உன் கப்பல்லேர்ந்தா?"

"ஆமா அத்தை."

"எந்தப் பாவி சுட்டான்?"

பழனிவேல் சொல்லிக் கொடுத்த வார்த்தை வாயில் இருந்தது. சொல்லிவிட்டால் முடிந்தது. அவள் நம்புவாள். சோறு போடுவாள். குழந்தையை மடியில் வைப்பாள். அவன் அவள் கையைப் பார்த்தான். அதில் இரத்தம் இருந்தது.

"நான்தான் அத்தை. யாருன்னு தெரியல."

யாரோ ஒருவர் அவனை அடிக்கக் கையை ஓங்கினார். பக்கத்தில் இருந்தவர் தடுத்தார். பூவம்மாள் எழுந்து வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் மங்கலத்தை எடுத்தார்கள். கொள்ளி வைக்க அவனைக் கூப்பிட்டார்கள். அவன் வைத்தான். திரும்பி வந்து பழனிவேலை எடுத்தார்கள். சுப்புராயன் தோள் கொடுக்கப் போனான். நான்கு பக்கமும் ஆள் நின்றார்கள். ஒருவரும் நகரவில்லை. அவன் பின்னால் நடந்தான்.

மத்தியானத்துக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். அவன் குளித்துவிட்டு வீட்டு வாசலுக்கு வந்தான். பூவம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் மடியில் தூங்கியது.

"அத்தை. ஒரு தடவை."

அவள் அவனைப் பார்க்கவில்லை.

"நாக்குல சர்க்கரத் தண்ணி தாய்மாமன்தானே வைக்கணும்," என்றாள். "பழனிதான் வச்சான். தங்கச்சி போயிட்டா, எனக்கு இனிமே இது ஒண்ணுதான்னு சொல்லிக்கினே வச்சான். வச்சிட்டுத்தான் உன்னைத் தேடிப் போனான்."

குழந்தையின் முகத்தை மூடியிருந்த துணியை அவள் விலக்கினாள். அவன் குனிந்து பார்த்தான். கையை நீட்டினான்.

அவள் கொடுக்கவில்லை.