நடைவழியில் இரண்டு வாள்கள்

வாளைப் பிடித்துப் பிழைத்த காலத்தில், ஒரே வீட்டில் மாமனாரும் மருமகனும் வாளாசிரியர்களாக இருந்தார்கள். மாமனாருடையது மேலிருந்து வெட்டும் பள்ளி. மருமகனுடையது குறுக்கே வெட்டும் பள்ளி. பிறக்கப்போகும் பிள்ளை எந்தப் பள்ளியில் சேரும் என்று காலையில் தொடங்கிய பேச்சு, வெயில் ஏறுவதற்குள் வாளில் வந்து நின்றது.

நின்ற இடம்தான் வம்பு. பிரசவ அறைக்குப் போகும் நடைவழி. இருவரும் எதிரெதிரே, வாளோடு வாள் குறுக்கிட, சிலையாக நின்றார்கள். பின்வாங்கினால் தோல்வி, உருவிய வாள் ரத்தம் பார்க்காமல் உறைக்குத் திரும்பக் கூடாது. இரண்டு பள்ளிகளும் ஒத்துப்போன விதிகள் இவை மட்டுமே. பார்த்துப் பார்த்து அலுத்த மாமியார், துவைத்த துணிகளை அந்த வாள்கள்மேல் உலர்த்தினார். நன்றாகவே காய்ந்தன.

“அப்பா, அவரை வெட்டிட்டா என் பிள்ளை யாரை அப்பான்னு கூப்பிடும்?” வலியோடு உள்ளிருந்து கேட்டாள் மகள்.

“நான் எங்கம்மா வெட்டுறேன்? மாப்ள வாளை இறக்கட்டும்.”

“மாமா முதல்ல இறக்கட்டும். பெரியவர், மரியாதை அவருக்குத்தான்.”

வெந்நீர்ப் பானையோடு வந்த மருத்துவச்சி, வாள்களுக்கு அடியில் குனிந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அழுகுரல். அவள் தலை வெளியே நீண்டது.

“ரத்தம் பார்த்தா போதும்தானே? யாரோட ரத்தம்னு விதியில இருக்கா?”

இருவரும் யோசித்தார்கள். இல்லை.

“அப்ப என் கத்தி பையிலயே கிடக்கட்டும். வாளை வெந்நீர்ல முக்கிட்டு வாங்க. தொப்புள்கொடி காத்திருக்கு.”

பின்வாங்காமல் உள்ளே போக ஒரே வழி, நண்டுபோல் பக்கவாட்டில் நடப்பது. அப்படியே போனார்கள்.

கொடி விரல் தடிமன்தான். படைகளுக்கு முன்னால் தயங்காத மாமனாரின் வாள் அங்கே கொடிக்கு மேலேயே நின்றுவிட்டது.

“நீயே வெட்டு, மாப்ள.”

மருமகன், மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினான். அவன் வாள் உறைக்குப் போயிற்று. மாமனாரின் வாள் இன்னும் ரத்தம் பார்க்கவில்லை. விதி விதிதானே. மகள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் தன் இடது உள்ளங்கையைப் பார்த்தார்.

“இருங்க பெரியவரே,” என்றாள் மருத்துவச்சி. “இன்னொண்ணு வருது.”

ஒரு வாள் பாக்கி நிற்பது வயிற்றுக்குள்ளேயே கேட்டிருக்க வேண்டும். இரண்டாவது கொடியை அவர் வெட்டினார். மருமகன் அவர் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டான்.

“இன்னொரு தடவை உருவினா, உறையில போட நான் பெத்துத் தர மாட்டேன்,” என்றாள் மகள்.

அதன்பின் அந்த வாள்கள் உருவப்படவில்லை. உறையோடு துணி உலர்த்தப் பயன்பட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். அதை மட்டும் நான் நம்பவில்லை.